வகுப்பறையின் சாட்சியம்

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல்லுக்குப் போகும் மலைப்பாதையில், காடும் ராகிக் கொல்லையும் மாறி மாறி வரும் இடத்தில் இருக்கிறது நாட்றாம்பாளையம். அந்த ஊரிலோ அதைச் சுற்றியுள்ள குக்கிராமங்களிலோ வாழும் ஒரு தாய், தன் ஒன்பது வயதுப் பையனைப் பற்றிப் பள்ளியிலிருந்து நாள் தவறாமல் வரும் புகார்களைக் கேட்டு அலுத்து, அடித்தும் பார்த்து, கயிறு மந்திரித்துக் கட்டியும் பார்த்து, கடைசியில் 'இவனை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?' என்று கேட்பாளேயானால், அவளுக்கு விடை சொல்லும் கடமை நம் எல்லோருக்கும் உண்டு. அவன் வெறும் சேட்டைக்காரனா, காது மந்தமானவனா, பாடம் நடக்கும் பாஷை புரியாதவனா, அல்லது ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உடையவனா என்பதை நிதானமாக ஆராய்ந்து சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறை எத்தகையது, அதில் தாய்க்கும் தகப்பனுக்கும் ஆசிரியருக்கும் உள்ள பங்கு யாது என்பதே இங்கே பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை வியாதியை இரத்தத்தில் கண்டுபிடிப்பதுபோல இந்தக் கோளாறை எந்தப் பரிசோதனைச் சாலையிலும் கண்டுபிடிக்க முடியாது. தலையை ஸ்கேன் எடுத்தும், மூளையின் மின்னலைகளைக் காகிதத்தில் பதிவு செய்தும், 'உங்கள் பையனுக்கு இருக்கிறது' என்றோ 'இல்லை' என்றோ எவரும் சொல்ல இயலாது. ஆதலால் அத்தகைய பரிசோதனைகளுக்காக ஆட்டை விற்றோ கடன் வாங்கியோ செலவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. வலிப்பு முதலிய வேறு சந்தேகம் ஏதேனும் இருந்தால் அதை மருத்துவரே எடுத்துச் சொல்லுவார். பின் எதைக் கொண்டுதான் நிச்சயிக்கிறார்கள் என்றால், பிள்ளையைப் பார்த்தவர்கள் சொல்லும் சாட்சியத்தைக் கொண்டுதான். வீட்டில் பார்த்தவர்கள் ஒரு பக்கம், பள்ளியில் பார்த்தவர்கள் மற்றொரு பக்கம், பிள்ளை தன்னைப் பற்றித் தானே சொல்லுவது மூன்றாவது பக்கம் என்று இம்மூன்றையும் கேட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முரண்பாடு உள்ள இடத்தில் மறுபடியும் விசாரித்து, அதன் பிறகே ஒரு நல்ல மருத்துவர் தம் முடிவைச் சொல்லுகிறார். இந்தக் காரணத்தினால், பெங்களூரில் இருக்கும் எவ்வளவு பெரிய நிபுணரேயாயினும், நாட்றாம்பாளையத்துப் பள்ளியில் அந்தப் பையனைப் பொழுதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாலன்றி, அவர் நிச்சயமாக ஒன்றைச் சொல்லுவது துர்லபம். நம் பக்கத்தில் இந்தக் காரியம் தாமதப்படுவதற்கும் தவறிப்போவதற்கும் காரணம் மருத்துவர்களின் அறிவுக்குறைவு அன்று. சாட்சியம் அவர்கள் கைக்குப் போய்ச் சேராததே என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தக் கோளாறு நேற்று முளைத்த நாகரிக வியாதி என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1902-ஆம் ஆண்டிலேயே லண்டன் ராயல் மருத்துவக் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் நிகழ்த்திய மூன்று சொற்பொழிவுகளில், அறிவு குன்றாதிருந்தும் தம்மைத் தாம் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். அவர் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்று வருணித்தார். நூற்றாண்டு கடந்துவிட்டது, மருத்துவ உலகம் அந்த எண்ணத்தை எப்போதோ விட்டுவிட்டது, நம் திண்ணைகளில் மட்டும் 'கொழுப்பு', 'திமிர்', 'வளர்ப்புச் சரியில்லை' என்ற பெயர்களில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. 1968-இல் இந்தக் கோளாறு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் மிகையியக்கம் என்ற அளவில் இடம்பெற்று, 1980-இல் கவனக்குறைவே பிரதானம் என்று திருத்தப்பட்டு, 1987-இல் இரண்டும் சேர்ந்த இன்றைய பெயரை அடைந்தது.

2013-இல் வெளிவந்த அந்தப் பட்டியலின் ஐந்தாம் பதிப்பு பதினெட்டு லட்சணங்களைக் கூறுகிறது. கவனத்தைச் சேர்ந்தவை ஒன்பது: பாடத்தில் அஜாக்கிரதையால் பிழை விடுவது, நேரில் பேசினாலும் காதில் விழாதவன்போல் இருப்பது, தொடங்கியதை முடிக்காமல் விடுவது, பென்சிலையும் நோட்டையும் அடிக்கடி தொலைப்பது, அன்றாட வேலைகளை மறப்பது என்று இப்படி. துடிப்பையும் அவசரத்தையும் சேர்ந்தவை ஒன்பது: உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் எழுந்து போவது, கேள்வி முடிவதற்குள் விடையைச் சொல்லிவிடுவது, தன் முறை வரும்வரை காத்திருக்க மாட்டாமை, பிறர் பேச்சிலும் விளையாட்டிலும் குறுக்கே புகுவது என்று இப்படி. இவற்றில் ஏதேனும் ஒரு பிரிவிலாவது ஆறு லட்சணங்கள், ஆறு மாதத்துக்குக் குறையாமல், அந்த வயதுக்கு ஒவ்வாத அளவில் இருக்க வேண்டும். பதினேழு வயது நிரம்பியவர்களுக்கு ஐந்து போதும். படித்துக்கொண்டு வருகிற எந்தத் தாயும் 'இதெல்லாம் என் பிள்ளையிடம் இருக்கிறதே' என்று இந்த இடத்தில் திடுக்கிடுவாள். அவள் அஞ்ச வேண்டியதில்லை. ஏனென்றால் விதியின் முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. அந்த லட்சணங்கள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, விளையாட்டுக் களம் என்று குறைந்தது இரண்டு இடங்களில் காணப்பட வேண்டும். பிள்ளையின் படிப்பையோ சிநேகத்தையோ அன்றாட வாழ்வையோ உண்மையாகவே கெடுக்க வேண்டும். வேறொரு காரணத்தால் விளக்கக்கூடியதாக இருக்கக் கூடாது. பள்ளியில் மட்டும் அடங்காத பையனுக்குப் பள்ளியில் ஏதோ கோளாறு; வீட்டில் மட்டும் அடங்காதவனுக்கு வீட்டில் ஏதோ கோளாறு; இரண்டிடத்திலும் தடுமாறுகிறவனைத்தான் இந்தக் கண்கொண்டு பார்க்க வேண்டும்.

பரிசோதனை அறையில் நடப்பது என்ன என்று தெரியாததனாலேயே பலர் அங்கே போக அஞ்சுகிறார்கள். அங்கே ஊசியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. மருத்துவர் தாயை உட்காரவைத்து, 'கர்ப்பமாயிருந்தபோது உடம்பு எப்படி இருந்ததும்மா? பிரசவம் எங்கே ஆச்சு? எப்போது நடந்தான், எப்போது பேசினான்?' என்று தொடங்கி, 'நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன செய்தான், ஒன்று விடாமல் சொல்லுங்க' என்பதுவரை பொறுமையாகக் கேட்பார். 'சேட்டை தாங்கலைங்க சார், ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கறான்' என்று பொதுவாகச் சொல்லுவதைவிட, 'சாப்பிட உக்காந்தா நாலு வாய் தின்னுட்டு எழுந்து ஆட்டுக்குட்டிகிட்ட ஓடிடறான், திரும்பக் கூட்டியாரதுக்குள்ள களி ஆறிப்போகுது' என்று சொல்லுவது அவருக்கு நூறு மடங்கு பிரயோஜனப்படும்.

அதன்பின் ஒரு கேள்வித்தாள் வரும். வாண்டர்பில்ட், கானர்ஸ் என்ற பெயர்களுடைய தாள்கள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று. ஆறு முதல் ஒன்பது வயதுவரையுள்ள இந்தியப் பிள்ளைகளுக்கென்றே இன்க்ளென் என்ற ஆராய்ச்சி அமைப்பினர் ஒரு கருவியைத் தயாரித்து 2014-இல் வெளியிட்டிருக்கிறார்கள். வாண்டர்பில்ட் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 'இல்லை', 'எப்போதாவது', 'அடிக்கடி', 'மிக அடிக்கடி' என்று நான்கு கட்டங்கள் இருக்கும். மனம் நொந்து வந்த தாய் எல்லாவற்றிலும் கடைசிக் கட்டத்தில் குறியிடுவதும், பிள்ளைக்குப் பட்டம் கட்டிவிடுவார்களோ என்று பயந்த தகப்பன் எல்லாவற்றிலும் முதல் கட்டத்தில் குறியிடுவதும் இயற்கை. ஒவ்வொரு கேள்விக்கும் சென்ற ஆறு மாதத்தில் கண்ணால் கண்ட ஒரு சம்பவத்தை நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அதே வயதுப் பிள்ளையோடு ஒப்பிட்டு, பிறகு குறியிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல், 'வாசிச்சுச் சொல்லுங்க' என்று கேட்கலாம்; கேட்பது அவர்கள் உரிமை.

மருத்துவமனையில் மனவியல் நிபுணர் பையனைத் தனியே அழைத்து ஒரு மேஜை முன் உட்காரவைப்பார். பக்கங்களில் வெவ்வேறு வர்ணம் பூசிய சிறு கட்டைகளைத் தந்து, அட்டையில் உள்ள கோலத்தை அப்படியே அடுக்கச் சொல்லுவார். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, முதலில் அதே வரிசையிலும் பிறகு தலைகீழாகவும் திருப்பிச் சொல்லச் சொல்லுவார். குறிகளைப் பார்த்து எழுதவும், சிக்கல் வழியில் பென்சிலால் போய் வெளியேறவும் சொல்லுவார். இவை நாகபுரியில் மேலின் என்பவர் இந்தியக் குழந்தைகளுக்கென்று திருத்தியமைத்த புத்தி அளவீட்டைச் சேர்ந்தவை. எழுத்துக்கூட்டி வாசிக்கவும், சொல்வதை எழுதவும், கணக்குப் போடவும் வைத்துப் பார்ப்பதும் உண்டு. அதற்கு 1991-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய தேர்வுத் தொகுதி பல இடங்களில் வழங்குகிறது. இவற்றில் பாஸ், பெயில் கிடையாது. அறிவில் குறையா, வாசிப்பில் குறையா, கவனத்தில் மட்டும் குறையா என்று பிரித்தறிவதற்கே இத்தனை பிரயாசையும்.

இந்த இடத்தில் பெற்றோர் மனத்தில் எழும் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். 'மொபைலைக் கையில் கொடுத்தால் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கிறான், இவனுக்கா கவனமில்லை?' என்று கேட்பார்கள். கணத்துக்குக் கணம் மாறி, கணத்துக்குக் கணம் பரிசு தரும் விளையாட்டில் மனம் ஒட்டிக்கொள்வதற்கு முயற்சி வேண்டாம். ருசிக்காத வேலையில் மனத்தை நிறுத்தும் சக்தியே இங்கு பேசப்படும் கவனம். அதுதான் இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவு. அவ்வாறே, மருத்துவரின் அறைக்குள் முதன்முறையாக நுழைந்த பையன் புதிய இடமென்ற அச்சத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கக்கூடும். அதைக் கண்டு 'நல்லாத்தானே இருக்கிறான்' என்று திருப்பி அனுப்பும் மருத்துவர் அவசரக்காரர். அங்கேதான் வகுப்பறையின் சாட்சியம் தேவைப்படுகிறது.

இனி, வேறு காரணங்களைப் பற்றி. நாட்றாம்பாளையத்துக்கும் அதைப் போன்ற எல்லையோர ஊர்களுக்கும் இதுவே மிகவும் முக்கியமான பகுதி என்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி முழுவதும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கலந்து பேசும் பூமி, உருதும் உண்டு. தாயோடு கன்னடமும், சந்தையில் தெலுங்கும் பேசி வளர்ந்த பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் தமிழ்ப் பாடப்புத்தகத்தின் முன்னால் வந்து உட்காருகிறது. 2006-இல் நிறைவேறிய சட்டம் தமிழை ஒன்றாம் வகுப்பிலிருந்தே கட்டாயப் பாடமாக்கியது. அந்தப் பாஷையில் பிள்ளையைக் கைபிடித்து ஏற்றிவிடுவதற்குப் பள்ளியில் போதிய ஆட்கள் இருந்தார்களா என்பது வேறு கேள்வி. ஆசிரியர் சொல்லுவதில் பாதி புரியாத பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்க்கும், பக்கத்துப் பிள்ளையைச் சீண்டும், எழுந்து உலாவும். வெளித்தோற்றத்தில் இதற்கும் கோளாறுக்கும் பேதம் தெரியாது. வீட்டுப் பாஷையில் கதை சொன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்கிறது என்று பார்த்தால் பேதம் தெரியும். ஆகவே, பரிசோதனைக்குப் போகும்போது 'வீட்டில் என்ன பாஷை?' என்று மருத்துவர் கேளாவிட்டாலும் பெற்றோர் தாமாகவே சொல்ல வேண்டும்; தேர்வும் அந்தப் பாஷை அறிந்தவரால் நடத்தப்பட வேண்டும் என்று கேட்க வேண்டும். புத்தி அளவீடு என்பது பாஷை புரியாத பிள்ளைக்கு நடத்தப்பட்டால், அது பாஷையை அளக்குமேயொழியப் புத்தியை அளக்காது.

அடுத்தது காது. சளிபிடித்துச் சீழ் வடியும் காதோடு வருஷக்கணக்கில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. கூப்பிட்டால் திரும்பாததைக் கவனக்குறைவு என்பார்கள். கண்பார்வையும் அப்படியே. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறவன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று எதிர்பார்ப்பது அநியாயம். இரத்தசோகையும் தைராய்டுக் குறையும் சோர்வைத் தரும். ஒருவகை வலிப்பில், கைகால் இழுக்காமல், சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடரும் பிள்ளையை, 'கனாக் காண்கிறான்' என்று தலையில் குட்டியிருக்கிறார்கள். பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஈயம் குழந்தைகளின் மூளையையும் கவனத்தையும் கெடுக்கும் விஷம் என்பது நிரூபணமான விஷயம். உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரின் இரத்தத்தில் அது கவலைதரும் அளவில் இருப்பதாக யூனிசெப் 2020-இல் அறிவித்தது.

தூக்கத்தை யாரும் கேட்பதில்லை. யானை கொல்லையில் இறங்கிவிட்டதென்று தகரம் தட்டி, தீப்பந்தம் பிடித்து, வீடே விடியும்வரை விழித்திருக்கும் காலங்கள் இந்தக் காட்டோர ஊர்களில் வந்துபோகின்றன. அந்த மாதங்களில் தூங்காத பிள்ளை மறுநாள் வகுப்பில் தள்ளாடும், அல்லது அதற்கு நேர்மாறாகப் பரபரக்கும். தூக்கம் கெட்ட குழந்தை பல சமயம் பெரியவர்களைப்போலச் சுருண்டு படுக்காமல் துள்ளவே செய்யும். அறுவடை முடிந்து யானைத் தொல்லை ஓய்ந்த பின்னும் அதே நிலை நீடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளியில் சீக்கிரம் சேர்ப்பதற்காகப் பிறந்த தேதியை மாற்றி எழுதும் பழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக இருந்தது. அங்கங்கே இன்னும் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். வகுப்பிலேயே வயதில் மூத்தவர்களான ஜனவரிப் பிள்ளைகளைக் காட்டிலும், இளையவர்களான டிசம்பர் மாதத்து ஆண்பிள்ளைகளுக்கு இந்தக் கோளாறு இருப்பதாகச் சொல்லப்பட்டது 30 சதவீதமும், பெண்பிள்ளைகளுக்கு 70 சதவீதமும் அதிகம் என்று தெரியவந்தது. ஓராண்டுக்குள் அடங்கிய வயது வித்தியாசமே வைத்தியரை ஏமாற்றுமானால், ஆதார் அட்டையில் உள்ள தேதியைவிட உண்மையில் ஒரு வயது இளைய பிள்ளையைப் பற்றி என்ன சொல்ல! மருத்துவரிடமாவது மெய்யான வயதைச் சொல்லிவிடுங்கள்.

ஓசூரின் தொழிற்சாலைகள் இந்த மலையூர்களின் வாழ்வையே மாற்றிவிட்டன. தகப்பன் ஒரு ஷிப்டிலும் தாய் மற்றொரு ஷிப்டிலும் வேலை செய்ய, அல்லது இருவரும் ஓசூரிலேயே வாடகை அறை எடுத்துத் தங்கிவிட, பிள்ளை ஊரில் பாட்டியிடம் வளருகிறது. அப்படியானால் பிரதான சாட்சி பாட்டிதான். பெற்றோர் லீவு போட்டு மருத்துவமனைக்கு வந்து, 'எங்களுக்குச் சரியாத் தெரியாதுங்க, அவன் பாட்டிகிட்டதான் இருக்கான்' என்று சொல்லித் திரும்புவதைவிட, அந்த மூதாட்டியையும் பஸ்ஸில் ஏற்றி அழைத்து வருவது புத்திசாலித்தனம். பெற்றோரைப் பிரிந்த ஏக்கமே பிள்ளையை அலைக்கழிக்கக்கூடும் என்பதையும் அவள் வாயிலிருந்துதான் அறிய முடியும்.

தகப்பன்மார் பெரும்பாலும் ஒரு வாக்கியம் சொல்லுவார்கள்: 'நானும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தேன், இப்ப நல்லா இல்லையா?' பரிசோதனை வேண்டாம் என்பதற்கு ஆதாரமாக அவர்கள் சொல்லும் இந்த வாக்கியம், மருத்துவரின் காதில் முக்கியமான தடயமாகவே விழும். இரட்டையர்களை வைத்து நடத்திய ஆராய்ச்சிகள் இந்தக் கோளாறில் பரம்பரையின் பங்கு மிகப் பெரிது என்று காட்டியிருக்கின்றன. அந்தத் தகப்பன் எட்டாம் வகுப்போடு ஏன் நின்றார், எத்தனை வேலை மாறினார், கோபத்தால் எதை இழந்தார் என்று மெல்ல விசாரித்தால் மகனுடைய கதை பாதி விளங்கிவிடும்.

பெண்பிள்ளைகளின் விஷயம் வேறு. அவர்களில் பலர் ஓடுவதுமில்லை, சத்தமிடுவதுமில்லை. கடைசி வரிசையில் ஓசையின்றி உட்கார்ந்து, கேட்டது எதையும் மனத்தில் இருத்திக்கொள்ள மாட்டாமல், பின்தங்கிக்கொண்டே போகிறார்கள். யாருக்கும் தொந்தரவு கொடுக்காத பிள்ளையைப் பற்றிப் புகார் வருவதில்லை. புகார் வராத பிள்ளையைப் பரிசோதனைக்கு யாரும் அழைத்துப் போவதுமில்லை. 'இவளுக்குப் படிப்பு ஏறாது' என்று ஒன்பதாம் வகுப்பில் முடிவு கட்டிவிட்டால், இந்த மலைப்பகுதியில் அடுத்து எழுவது கல்யாணப் பேச்சு. பால்ய விவாகத்தைத் தடுக்க அதிகாரிகள் ஓயாமல் போராடும் மாவட்டம் இது. ஒரு பெண் பள்ளியில் நீடிப்பதற்குக் கவனத்தின் குறையைக் கண்டறிவது உதவுமானால், அதை மருத்துவக் காரியம் என்று மட்டும் எண்ணி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பதினைந்து, பதினாறு வயதில் முதன்முறையாக வரும் பிள்ளைகளின் விசாரணை இன்னும் சிக்கலானது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா என்று நிரூபிக்க வேண்டும். அதற்குத் தொடக்கப்பள்ளியின் பழைய ரிப்போர்ட் கார்டுகளும் நோட்டுப் புத்தகங்களும் ஆதாரமாகும். அவற்றைப் பழைய காகிதக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். திடீரென்று பதினான்கு வயதில் படிப்புக் கெட்டுப்போன பிள்ளையிடம் மனச்சோர்வையும், இரவெல்லாம் மொபைலையும், புகையிலை, மதுப் பழக்கங்களையும் முதலில் தேட வேண்டும். அந்த வயதுப் பிள்ளையிடம் பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியே பேசுவது மருத்துவரின் வழக்கம்; அதைக் கண்டு பெற்றோர் விசனப்படக் கூடாது.

இந்தக் கோளாறு எத்தனை பேருக்கு இருக்கிறது? உலகளாவிய ஆராய்ச்சிகளைத் தொகுத்தவர்கள் நூற்றில் ஐந்து பிள்ளைகள் என்ற அளவில் மதிப்பிட்டிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் 6 முதல் 11 வயதுவரையுள்ள 770 பிள்ளைகளைப் பார்த்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு 11 சதவீதத்துக்குச் சற்று அதிகம் என்றது. சிறிய ஆய்வு, மாநிலம் முழுவதற்கும் இதைக் கணக்காகக் கொள்ளலாகாது. ஆனால் அதே ஆய்வில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடையே மத்தியதரக் குடும்பங்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது என்பது யோசிக்கத்தக்கது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பிள்ளைகளாவது இருக்கலாம் என்று ஆசிரியர் எண்ணிக்கொள்வது தவறாகாது.

எங்கே போவது என்ற கேள்விக்கு வருவோம். முதல் படி பள்ளிக்கூடமே. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை முப்பது வகைக் குறைகளைத் தேடிக்கொண்டு அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகிறது. அந்த முப்பதில் இந்தக் கோளாறும் கற்றல் குறைபாடும் அடக்கம் என்பது பல ஆசிரியர்களுக்கே தெரியாது. குழு வரும் நாளில் ஆசிரியர் பெயரைச் சொன்னால், பிள்ளையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள், கட்டணம் இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் வாயிலாக அவர்களை அழைக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் அரசு மருத்துவமனையில் கிடைப்பார். கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, எதற்கெடுத்தாலும் சேலத்துக்கும் தருமபுரிக்கும் ஓட வேண்டிய நிலை குறைந்திருக்கிறது. வழி தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை அது. தமிழில் பேசுவார்கள், இரவும் பகலும் இலவசம்.

இவற்றிலும் தெளிவு பிறக்காவிட்டால் பெங்களூர் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மனநோய் மருத்துவமனையும் 1974-இல் இணைந்து உருவான அந்த மாபெரும் நிறுவனம், ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் அதே ஓசூர் ரோட்டின் மீதே அமைந்திருப்பது இந்த எல்லையோர மக்களுக்கு வாய்த்த பாக்கியம். குழந்தைகளுக்கும் இளையோருக்கும் அங்கே தனித் துறை உண்டு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஓசூர், அத்திப்பள்ளி என்று பஸ் மாறிப் போகிறவர்கள் விடியுமுன் புறப்பட வேண்டும். ஒரே நாளில் எல்லாம் முடியும் என்று எண்ணிப் போகக் கூடாது. ஆசிரியர் தாளில்லாமல் போனால் அதற்காகவே இன்னொரு முறை வரச் சொல்லுவார்கள். தினக்கூலிக் குடும்பத்துக்கு அது இன்னொரு நாள் கூலி.

சான்றிதழைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஆட்டிசமும், குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. இது திருத்தப்பட வேண்டிய குறை என்றே நான் கருதுகிறேன். ஆனால் இந்தப் பிள்ளைகளில் கணிசமானவர்களுக்குக் கற்றல் குறைபாடும் கூடவே இருக்கும். ஆதலால் வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வுகளையும் நடத்தித் தரும்படி மறவாமல் கேட்க வேண்டும். பரீட்சையில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளுக்கு அதுவே வாசல்.

கோளாறு என்று நிச்சயமானால் என்ன செய்வார்கள் என்பது தனிக் கட்டுரைக்குரியது, சுருக்கமாகச் சொல்லுகிறேன். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மருந்தல்ல, பெற்றோருக்குப் பயிற்சியே முதல் சிகிச்சை. வளர்ந்த பிள்ளைகளுக்கு மருந்தும் பயிற்சியும் சேர்ந்து வரும். அமெரிக்காவில் 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதம் கவனித்து 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கவனமாக அளந்து கொடுத்த மருந்து நல்ல பலன் தந்தது நிரூபணமாயிற்று. மெதில்பெனிடேட் என்ற அந்த மருந்து சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. ஊர் திரும்பும் முன் எங்கே வாங்குவது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். பசி குறையும், தூக்கம் தள்ளும். எடையையும் உயரத்தையும் குறித்துவர வேண்டும். அடி மட்டும் எந்தக் காலத்திலும் சிகிச்சை ஆகாது; 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் பள்ளியில் உடலை வருத்துவதையும் மனத்தை வருத்துவதையும் ஒருங்கே தடை செய்திருக்கிறது.

நாட்றாம்பாளையத்திலும் அதுபோன்ற ஊர்களிலும் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளை ஒன்று இருக்குமானால், இரண்டு வாரம் கவனித்து, ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுங்கள். எந்தப் பாட வேளையில் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தான், எதைச் சொன்னபோது எழுந்தான், எதில் மனம் ஒன்றினான், சாப்பாட்டு வேளையில் யாரோடு இருந்தான், எந்தப் பாஷையில் பேசினால் விளங்கிக்கொள்கிறான், காதும் கண்ணும் எப்படி என்று, உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். 'அடங்காதவன்', 'மந்தம்' என்ற தீர்ப்புச் சொற்கள் வேண்டாம். கடைசியில் அவனிடம் நீங்கள் கண்ட ஒரு நல்ல குணத்தையும் சேர்த்தெழுதி, கையொப்பமும் தேதியும் இட்டு, அவன் தாயிடம் கொடுத்தனுப்புங்கள். தாய்மார்களே, பள்ளியிலிருந்து அந்தத் தாள் தானாக வராவிட்டால், நீங்களே போய்க் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு பஸ் ஏறுங்கள்.